வைஃபை பெட்டிக்கு ஒரு தோல் உறை

“மிஸ், நீங்க மறுபடியும் ஃப்ரீஸ் ஆயிட்டீங்க!”

அந்தக் கோடையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஆம்பூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, துபாயிலும் தோஹாவிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் வரை வகுப்புகள் ஓடும். சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எண்ணைக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும்போதே நெட் போய்விடும். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, நான் அவர்களுடைய திரையில் நின்றுவிடுவேன். ஒரு மாணவி அந்தப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பு நான் வேலூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். இங்கே வந்த பிறகு தினமும் ரயிலில் போய்வர அலுத்துப்போய் இந்த வேலைக்கு மாறினேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, இன்னொரு கம்பெனியில் பல வருடம் தையல் ஹாலில் இருந்து, கடைசியில் செக்கிங்குக்குப் போய், அந்தக் கோடைக்கு முந்தைய வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டாரே ஒழிய, கை சும்மா இருக்காது. கிலோ கணக்கில் துண்டுத் தோல் விற்கும் கடையிலிருந்து பை நிறைய வாங்கி வருவார். பின்பக்க அறையில் இருக்கும் தையல் மெஷினில் அது மூக்குக் கண்ணாடிக் கூடாகவும் சாவிக்கொத்தாகவும் மாறும். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குக்கூடச் சட்டை உண்டு.

வைஃபை பெட்டிக்கும் ஒன்று தைத்தார். ஹாலில் அதன் மேல் பக்கத்திலிருக்கும் நெடுஞ்சாலையின் தூசி படிந்துகொண்டே இருந்தது. போதாததற்கு ஒரு பல்லி அதன் மேல் வந்து படுத்துக்கொள்ளும். “சூடா இருக்குதுல்ல, அதான் சொகமா வந்து படுக்குது,” என்று அத்தையே சொன்னார். மறுநாள் பெட்டியை டேப் வைத்து அளந்து, மேலும் கீழும் நான்கு பக்கமும் மூடும்படி ஒரு உறையைத் தைத்து முடித்துவிட்டார். அடர் காப்பி நிற ஆட்டுத்தோல். பச்சை விளக்குகள் தெரிய முன்னால் ஒரு சின்ன ஜன்னல், ஆன்டெனாக்கள் வெளியே வர மேலே ஓட்டைகள், ஒயர்களுக்குப் பின்னால் ஒரு வாய், மூடுவதற்கு ப்ரெஸ் பட்டன். ஷூவின் கணுக்கால் பக்கத்தில் மெத்தென்று இருக்க வைக்கிற ஃபோம் கொஞ்சம் மீதி இருந்தது. அதையும் உள்ளே வைத்துத் தைத்திருந்தார். கீழே விழுந்தாலும் அடிபடாதாம். நிஜமாகவே அழகாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், “இது எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டார்கள். அத்தை பதில் சொல்லமாட்டார், என் கணவரைப் பார்ப்பார். அவர்தான், “அம்மா தெச்சது,” என்று சொல்ல வேண்டும்.

நெட் விட்டுவிட்டு வர ஆரம்பித்ததும் முதலில் நான் என் லேப்டாப்பைத்தான் திட்டினேன். பிறகு நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டு முடிந்து ஒரு பெண் குரல் வந்தது. “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, மேடம்.” செய்தேன். வந்தது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் போனது. மறுபடி போன் செய்தால் வேறொரு பெண், அதே வாக்கியம்.

என் கணவருக்குத் தினம் ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டில் புதிதாக வாங்கியிருக்கிற மைக்ரோவேவ்தான் என்றார். பிறகு தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே சேனலில் ஓடுகிறது என்று ஏதோ வீடியோவைப் பார்த்துச் சேனலை மாற்றினார். பிறகு சுவர்தான் காரணம் என்று முடிவு கட்டினார். “ஹாலுக்கும் உன் ரூமுக்கும் நடுவுல ரெண்டு செவுரு. சிக்னல் எப்படி வரும்?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஒயரை இழுத்து, பெட்டியை என் அறைக்கே கொண்டுவந்து, மேசைக்கு மேலிருந்த பலகையில் வைத்தார். அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். வைத்து முடித்ததும் உறையை எடுத்து மாட்டினார். ப்ரெஸ் பட்டன் ‘டப்’பென்று விழுந்தது. மறுநாள் மாலை, தலைக்கு நேர் மேலே பெட்டியை வைத்துக்கொண்டு நான் உறைந்துபோனேன்.

கடைசியில் நெட் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்தார். முப்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். தோளில் ஒரு பை, அதற்குள் மீட்டர். அவர் வருகிறார் என்று போன் வந்ததுமே அத்தை என் அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பை மாற்றி, உறையைக் கழற்றிப் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டார். வெளியாள் வருகிற வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். டெக்னீஷியன் ஒயரை மீட்டரில் செருகிப் பார்த்தார்.

“லைன் சுத்தமா இருக்குது மேடம். பவர் கரெக்டா வருது.”

“இல்லீங்க, தினம் போகுது.”

“இப்ப போகுதா?”

போகவில்லை. அவருக்கு எதிரில் ஒரு நீளமான வீடியோவை ஓட்டினேன். தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் காபி குடித்தார், அத்தையிடம் மழை பற்றிப் பேசினார், இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். நெட் அசையவில்லை. அவர் போனதும் அத்தை உறையை மாட்டினார். அன்று சாயங்காலம் போய்விட்டது.

இரண்டாவது முறை வந்தபோதும் இதே கதைதான். இந்த முறை எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. டெக்னீஷியன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோபமாக இல்லை, பரிதாபமாக. “எதுக்கும் பாக்ஸையே மாத்திடறேன் மேடம்,” என்று வேறொரு புதுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அது பழையதைவிடக் கொஞ்சம் அகலம். உறை போதவில்லை. அத்தை அன்றிரவே பக்கத் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு பட்டை கொடுத்து, புதுப் பெட்டிக்குப் பொருத்தமாகத் திருத்திவிட்டார். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. புதுப் பெட்டியும் மறுநாளே நின்றது.

வகுப்பு நடத்தும் நிறுவனத்திலிருந்து என் மேலாளர் அழைத்து, “உங்க பக்கம் கனெக்‌ஷன்ல பிரச்சினைன்னு பேரன்ட்ஸ் சொல்றாங்க,” என்றார். பணிவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப்போனது. வேலூருக்கே மறுபடி போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அத்தை இதைக் கவனித்திருக்க வேண்டும். அன்று எனக்குப் பிடித்த கத்திரிக்காய் தொக்கு செய்து வைத்திருந்தார்.

“பேஜார் புடிச்ச மிஷின். இதுக்காகவா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருக்கற? சாப்புடும்மா,” என்றார்.

ஒரு நாள் அத்தை வீட்டிலிருக்கும் தோல் சாமான்களுக்கெல்லாம் க்ரீம் தடவினார். மாதத்தில் ஒரு தடவை இதைச் செய்வார். செருப்பு, பெல்ட், ரிமோட் சட்டை, பெட்டியின் உறை எல்லாம் பின்பக்கத் திண்டில் வரிசையாக நிழலில் காய்ந்தன. அன்று மாலை முதல் வகுப்பு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, கடைசி வகுப்பும் முடிந்தது. யாரும், “மிஸ், ஃப்ரீஸ்,” என்று கத்தவில்லை. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் உறை மின்னிக்கொண்டு பெட்டியின் மேல் இருந்தது. பாதி வகுப்பில் நெட் போனது. ஆஃப் செய்து ஆன் செய்ய நாற்காலி மேல் ஏறி, ப்ரெஸ் பட்டனைப் பிரித்து உள்ளே விரலை விட்டேன். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன்.

நாற்காலி மேல் நின்றபடியே யோசித்தேன். வெளியே ஆம்பூர் வெயில். உள்ளே, ஃபோம் வைத்த ஆட்டுத்தோல் கோட்டுக்குள் அந்தப் பெட்டி. டெக்னீஷியன் வந்த ஒவ்வொரு முறையும் அத்தை அதைக் கழற்றித் துடைத்து வைத்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடமே, இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையும் வந்தது.

கணவர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

“அம்மா கிட்ட சொல்லாத.”

“சொல்லாம எப்படிங்க?”

“ரிட்டையர் ஆனப்புறம் அவங்க இவ்ளோ ஆசையா தெச்சது இது ஒண்ணுதான். வர்றவங்க எல்லார் கிட்டயும் என்னைச் சொல்ல வெக்கிறாங்க பாத்தல்ல? கிளாஸ் நடக்கறப்ப கழட்டி வெச்சுக்க. முடிஞ்சதும் மாட்டிடு. அவங்க உன் கிளாஸ் நேரத்துல உள்ள வர்றதே இல்ல.”

அது உண்மைதான். தன் முகம் துபாயில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அத்தை வகுப்பு நேரத்தில் என் அறைப் பக்கமே வரமாட்டார். அதனால் கணவர் சொன்னபடியே செய்தேன். மாலையில் கதவைச் சாத்துவேன், உறையைக் கழற்றுவேன். வகுப்பு முடிந்ததும் மாட்டிவிட்டுக் கதவைத் திறப்பேன். நெட் ஒரு நாளும் போகவில்லை. “புதுப் பாக்ஸு இப்பதான் செட் ஆயிருக்குது,” என்று கணவர் அம்மாவிடம் சொன்னார். அத்தைக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டனைப் பிரிக்கும்போது ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பு நடுவில் இருமியிருக்கிறேன். அத்தை கேட்டிருக்கிறார். கதவு மெல்லத் திறந்தது. கேமராவில் விழாமலிருக்கச் சுவரோரமாகக் குனிந்து, கையில் மிளகுப் பாலோடு வந்தார். பலகையில் பெட்டி வெறுமையாக இருந்தது. உறை மேசையில் என் பக்கத்தில் கிடந்தது. அதன் மேல் நான் டீ டம்ளரை வைத்திருந்தேன்.

அத்தை அதைப் பார்த்தார். டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். அடியில் வட்டமாகப் பதிந்திருந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பாலை என் கையில் கொடுத்துவிட்டு, அதே மாதிரி குனிந்து வெளியே போனார். வகுப்பில் ஒரு பையன், “மிஸ், யாரு அது?” என்றான். எனக்கு அன்று கணக்கு ஓடவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் பலகையில் உறை இல்லை. அத்தை வழக்கம்போல டிபன் வைத்தார், என்னிடம் பேசினார். ஆனால் எல்லாம் ஒரு வார்த்தைதான். “ம்.” “சரி.” “வெச்சிருக்கேன்.” கணவர் நிலைமையை முகர்ந்து பார்த்துவிட்டு, கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை இருக்கிறது என்று இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, அந்த உறை எங்க?”

“பீரோவுல வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிருக்கலாம்மா. டம்ளர் வெக்கறதுக்கா நான் தெச்சேன்? நான் பாக்கறப்ப மாட்டறதும், பாக்காதப்ப கழட்டறதும்... இன்னாத்துக்கு இதெல்லாம்?”

குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வாயால் விளக்கினால் சமாளிக்கிறேன் என்று நினைப்பார் என்று தோன்றியது. “ஒரு தடவை உள்ள வாங்க அத்தை,” என்று கூப்பிட்டேன். பூண்டுத் தட்டோடு வந்தார். பீரோவிலிருந்து உறையை எடுத்து வந்து, அவர் எதிரிலேயே மாட்டினேன். லேப்டாப்பில் ஒரு வீடியோ, என் போனில் ஒன்று, அவர் போனில் ஒரு சீரியல், மூன்றையும் ஓடவிட்டேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்தோம். அத்தைக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் சீரியலில் மருமகள் பேச ஆரம்பித்ததும் அதில் மூழ்கிவிட்டார். தட்டில் பூண்டு தீர்கிற நேரத்தில் மருமகள் வாயைத் திறந்தபடி நின்றாள். மூன்று திரையிலும் வட்டம் சுற்றியது.

“இப்ப அதைத் தொட்டுப் பாருங்க.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை ஏறி, பட்டனைப் பிரித்து, உள்ளங்கையை வைத்தார்.

“அய்யய்யோ! இன்னாம்மா இப்படிக் கொதிக்குது!”

“உள்ள ஃபோம் இருக்குது இல்ல அத்தை. சூடு வெளிய போக வழியில்ல. கழட்டிட்டா நல்லா ஓடுது.”

அத்தை நாற்காலி மேலேயே நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஃபோமை விரலால் அமுக்கினார்.

“இது ஷூவுல கால் நோவக் கூடாதுன்னு வெக்கிறது. இதுக்கு எந்தக் கால் நோவுதுன்னு வெச்சேன் நானு?” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் என்னைப் பார்த்தார். “உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

“அவனுக்கு?”

“அவர்தான் சொல்ல வேணாம்னாரு. உங்க மனசு கஷ்டப்படும்னு.”

கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் செக்கிங்ல இருந்தவம்மா. ஒரு தையல் கோணலா இருந்தா மொத்த லாட்டையே திருப்பி அனுப்பிருக்கேன். எத்தினி பேர் என்னைத் திட்டிருப்பாங்க. என் தையல மட்டும் யாரும் திருப்பக் கூடாதா? ரிஜெக்ட்னா ரிஜெக்ட்னு சொல்லணும். நீ சொல்லாம வெச்சதுதான் எனக்குக் கஷ்டமா பூட்ச்சு. நான் இன்னா உன்னைக் கடிச்சா துன்னுடுவேன்?”

“சொல்லிருக்கணும் அத்தை.”

“ஆமா. டீ டம்ளரு ஜாஸ்திம்மா,” என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபம் மீதி இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் கணவர் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். நிலைமை எப்படியிருந்தாலும் உதவும் என்று வாங்கியிருப்பார். அத்தை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “வாப்பா, எம்மேல இவ்ளோ அக்கறையா?” என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவருக்கு அர்ச்சனை நடந்தது. அவர் தலையைக் குனிந்தபடி கத்திரிக்காய் பச்சடியை மட்டும் அதிகமாகப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மூன்று நாள் அத்தை எதையும் தைக்கவில்லை. பெட்டியை மட்டும் அவ்வப்போது வந்து பார்த்தார். பக்கங்களில் இருக்கும் ஓட்டைகள் எதற்கு என்று கேட்டார். பிறகு ஒரு மத்தியானம் டேப்போடு வந்தார்.

“ஷூ வேணாம். இதுக்குச் செருப்பா தெச்சிடலாம்,” என்றார்.

அப்படியே தைத்தார். கீழே கெட்டியான தோலில் ஒரு அடி. மேலே குறுக்காக இரண்டு வார், நடுவில் ஒரு பக்கிள். ஓட்டைகள் எதையும் மறைக்காமல், பெட்டியைப் பிடித்துக்கொள்ள மட்டும். பலகையிலிருந்து எடுத்துச் சுவரில் ஆணியில் மாட்டும்படி பின்னால் ஒரு வளையம். காற்று நான்கு பக்கமும் போகிறது. தூசிக்கு வாரத்தில் ஒரு நாள் பிரஷ். மாட்டி முடித்ததும் அத்தை பழையபடி மூன்று திரையிலும் வீடியோ போடச் சொன்னார். சீரியலை முழுசாகப் பார்த்துவிட்டு எழுந்து, பெட்டியின் மேல் கையை வைத்து, “பாஸ்,” என்றார்.

அதன் பிறகு வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. பாடங்கள் முடிந்த கடைசி நாளில் அந்த மாணவி என் உறைந்த முகங்களை வரிசையாகப் போட்டுக் காட்டியபோது அத்தையும் கதவோரம் நின்று பார்த்தார். கேமரா பயமெல்லாம் அன்று இல்லை.

மழைக் காலத்தில் தெருமுனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். ஜேசிபி கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. தெரு முழுக்க நெட் இல்லை. நான் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு அன்றைய வகுப்புகளைத் தள்ளி வைத்தேன். மத்தியானம் அந்த டெக்னீஷியன் வந்தார். கேபிளை ஒட்ட ஆட்கள் பள்ளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது முடியும்வரை மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்றவரை அத்தை உள்ளே கூப்பிட்டார். என் அறைச் சுவரில் பக்கிள் போட்டுத் தொங்குகிற பெட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நான் வர்றப்ப எல்லாம் கழட்டி வெச்சிருந்தீங்களாம்மா?” என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஜிப் பிய்ந்து, நடுவில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. மீட்டரின் ஒரு மூலை வெளியே எட்டிப் பார்த்தது.

“இத்தினி மழையில இதையா எடுத்துக்கினு சுத்தற? குடு இங்க.”

“வேணாம்மா, பரவால்ல, அப்புறமா...”

“குடுப்பா. உள்ள இருக்கறதெல்லாம் வெளிய எடு.”

மீட்டர், கட்டர், ஒயர்ச் சுருள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாம் எங்கள் சோபாவின் மேல் வந்தன. அத்தை பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மெஷின் ஓடத் தொடங்கியது. டெக்னீஷியனின் போன் விடாமல் அடித்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர். “ஒட்டிக்கினு இருக்காங்க சார், வந்துடும்,” என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அன்று வேலை எதுவும் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சர்க்கரை கம்மியா ஜாஸ்தியா என்று அவரிடம் கேட்டேன்.